ஆறாவது கிழவிக்குப் பிறகு: கார்ம்ஸை மேடையேற்றுவது பற்றி

ஜனவரி 9 (கேள்வி)

"ரஷ்ய எழுத்தாளர் தனியீல் கார்ம்ஸின் 'சம்பவங்கள்' தொகுப்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு துண்டுகளை எடுத்து ஒரு மணி நேர நாடகமாக்கப் பார்க்கிறோம். எல்லாம் அரைப் பக்கம், ஒரு பக்கம். வாசிக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தோம். ஒத்திகையில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. இவற்றை ஒரே கதையாகக் கோக்க வேண்டுமா? ஸ்டாலின் காலத்தைப் பின்னணியில் காட்டினால் புரியுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

ஜனவரி 9, இரவு

செய்து பார்த்திருக்கிறேன். ஐந்து நடிகர்கள், இரண்டரை மாத ஒத்திகை, மூன்று நாள் காட்சி. அதில் முதல் நாள் முழுத் தோல்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

'விழும் கிழவிகள்' படித்திருப்பீர்கள். ஒரு கிழவி அளவுக்கு மீறிய ஆர்வத்தால் சன்னலிலிருந்து விழுந்து நொறுங்குகிறாள். அவளைப் பார்க்க எட்டிய இன்னொருத்தியும் விழுகிறாள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஆறாவதும் விழுந்தபிறகு கதை சொல்பவனுக்குப் பார்த்துச் சலித்துவிடுகிறது. மால்த்சேவ் சந்தைக்குப் போய்விடுகிறான். அங்கே ஒரு பார்வையற்றவருக்கு யாரோ பின்னல் சால்வை கொடுத்தார்களாம். அவ்வளவுதான் கதை.

நாங்கள் லைட் கட்டும் ஏணியின் மேலிருந்து சேலை சுற்றிய தலையணைகளை ஒவ்வொன்றாகப் போட்டோம். முதல் தலையணைக்குச் சிரிப்பு. இரண்டாவதற்குப் பெரிய சிரிப்பு. நான்காவதில் கூட்டம் எண்ண ஆரம்பித்துவிட்டது, ஆறாவதற்குக் கைதட்டல். சந்தை, சால்வை பற்றிய கடைசி வரியை யாரும் கேட்கவேயில்லை. நல்ல வரவேற்பு என்று நடிகர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாள் எதையும் போடவில்லை. கதை சொல்பவர் மேலே பார்ப்பார், கண்ணைத் தரைக்குக் கொண்டுவருவார். ஆறு தடவை, ஒரே வேகத்தில். ஆறாவதில் அந்தப் பையனுக்கு நிஜமாகவே கொட்டாவி வந்துவிட்டது. அடக்காமல் விட்டுவிட்டு, சந்தைக்குப் போகும் வரியைச் சொன்னான். அரங்கில் சத்தமே இல்லை. அன்றுதான் எனக்கே இந்தக் கதை விளங்கியது. விழுகிறவர்களைவிட முக்கியமானவன் சலித்துப் போய் நடையைக் கட்டுகிறவன். கதை முழுவதிலும் இரக்கமான காரியம் ஒன்றே ஒன்றுதான், அந்தச் சால்வை. அதையும் அவன் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேள்விப்பட்டதுதான்.

அதனால் என் பதில்: கோக்காதீர்கள். சிரிக்க வைக்க முயலாதீர்கள். மளிகைக் கணக்கு வாசிக்கிற குரலில் சொல்லுங்கள்.

ஜனவரி 10

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது. சந்தையின் பெயரை மாற்றாதீர்கள். 'ஒரு சந்தைக்கு' என்று பொதுவாக்கவும் வேண்டாம். மால்த்சேவ் சந்தை லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) உண்மையாகவே இருந்தது, இப்போது நெக்ராசவ் சந்தை என்கிறார்கள். கார்ம்ஸ் குடியிருந்த நதெஷ்தின்ஸ்கயா தெருவிலிருந்து (பிறகு மயாகோவ்ஸ்கி தெரு) நடந்தே போகலாம். நடக்க முடியாத ஒன்று நடந்தபிறகு, தினமும் காய்கறி வாங்கும் இடத்தின் பெயர் வருகிறது. பெயரை எடுத்துவிட்டால் மொத்தமும் கனவு போல மிதக்க ஆரம்பித்துவிடும். அவர் எழுத்து கனவு மாதிரி இருக்காது, விலாசம் எழுதிய உறை மாதிரி இருக்கும்.

ஜனவரி 10, மாலை

'நீலக் குறிப்பேடு எண் 10' பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். கண்ணும் காதும் இல்லாத செந்நிற முடிக்காரன். முடியும் இல்லை, அதனால் செந்நிற முடிக்காரன் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். வாய் இல்லை, மூக்கு இல்லை, கை கால் இல்லை, வயிறு முதுகு குடல் ஒன்றுமில்லை. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாததால் இனி பேசாமல் இருப்பதே நல்லது என்று முடிகிறது. 1937 ஜனவரியில் எழுதியது. கையெழுத்துப் படியின் ஓரத்தில் 'காண்ட்டுக்கு எதிராக' என்று, தத்துவவாதி காண்ட்டைச் சுட்டும் ஒரு குறிப்பும் இருக்கிறது.

சிவப்பு விக் வைத்த நடிகரை நிறுத்தி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பகுதியைத் துணியால் மூடிக்கொண்டே போகும் மேடையாக்கம் ஒன்றைப் பார்த்தேன். கைத்திறன் அருமை. ஆனால் கடைசியில் துணிக்குள் ஓர் ஆள் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறார்! இல்லாதவனைப் பற்றிய கதையில் ஆள் இருக்கிறார். காலி நாற்காலி வைப்பதும் இதே தப்புதான், நாற்காலி உடனே ஒருவரின் நாற்காலியாகிவிடும். நாங்கள் கடைசியில் இரண்டு பேரைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்து, அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேச வைத்தோம். மேடை இருட்டாகவே இருந்தது.

ஜனவரி 12

ஸ்டாலின் காலத்தைக் காட்டுவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். வேண்டாம். சுவரில் படம், பூட்ஸ் சத்தம், சைரன், இதெல்லாம் வந்தால் பார்வையாளர் 'ஓ, சர்வாதிகாரமா, சரி' என்று பெட்டியை மூடிவிடுவார். அவருக்கு விடை கிடைத்துவிட்டது. கார்ம்ஸ் விடை கொடுக்காமல் இருப்பதில்தான் பயம் இருக்கிறது.

'எலிசவேத்தா பாம்' நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரு பெண்ணைக் கைது செய்ய வருகிறார்கள். என்ன குற்றம் என்று கேட்கிறாள், அவளுக்கே தெரியும் என்கிறார்கள். கடைசியில் அவள் கொன்றதாகச் சொல்லப்படும் ஆள் வந்திருக்கும் இருவரில் ஒருவர்தான் என்று தெரிகிறது. 1937 இன் நள்ளிரவுக் கைதுகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதியது. இருந்தாலும் அதில் ஓர் அதிகாரியின் பெயரும் இல்லை.

ஜனவரி 13

நேற்று எழுதியதில் பெரிய தவறு. 'எலிசவேத்தா பாம்' 1927 டிசம்பர் 12 முதல் 24 வரை எழுதப்பட்டது. 1937 க்குப் பத்து வருடம் முன்பு. கார்ம்ஸ் முதல் தடவை கைதானதே 1931 டிசம்பரில்தான். அடுத்த ஆண்டு கூர்ஸ்க் நகரத்துக்கு நாடு கடத்தினார்கள், நண்பர் விவெதென்ஸ்கியும் கூட இருந்தார். ஆக அவர் பார்த்ததை எழுதினார் என்று நான் சொன்னது பொய்.

இதை வெறும் தேதித் திருத்தமாக விட மனம் வரவில்லை. இத்தனை வருடமும் அந்தக் கதவு தட்டும் காட்சியை 1937 ஐ மனதில் வைத்துத்தான் நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் கதவுப் பக்கம் நடுங்கினார்கள். எழுதிய ஆளுக்கு அப்போது 21 வயது, ஒரு வாரத்தில் 22. அதற்குள் கைது ஆன அனுபவம் கிடையாது. அந்தப் பெண்ணும் பயந்துகொண்டே இருப்பதில்லை. நடுவில் வந்தவர்களோடு விளையாடுகிறாள், ஓடிப்பிடிக்கிறாள், அம்மா அப்பா வருகிறார்கள், ஒரு சண்டைக் காட்சி நடக்கிறது, மலையில் விளக்கெரியும் ஒரு சின்ன வீட்டைப் பற்றிய பேச்சு வருகிறது. அந்த வீட்டின் அடுப்பின் மேல் சிவப்புக் காலர் சட்டை போட்ட கரப்பான்பூச்சி கையில் கோடரியோடு உட்கார்ந்திருக்கிறது. நான் நடுக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கரப்பானை வெட்டியிருந்தேன். இன்று வருத்தமாக இருக்கிறது.

ஜனவரி 16

'புஷ்கினும் கோகலும்' துண்டில் பெயர்களை மாற்றிக் கம்பர், ஒட்டக்கூத்தர் என்று வைத்தால் நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிக்குமே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது.

நானும் ஒரு காலத்தில் நினைத்ததுதான். அந்தத் துண்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கோகல் பக்கத் திரையிலிருந்து மேடையில் விழுந்து அமைதியாகக் கிடக்கிறார். புஷ்கின் வந்து அவர் மேல் தடுக்கி விழுகிறார். கோகல் எழுந்து நடந்து புஷ்கின் மேல் தடுக்கி விழுகிறார். திரை இறங்கும் வரை இதேதான். ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் இல்லை. சலிப்பு மட்டும் இருக்கிறது, தெருவில் கல் தடுக்கியவருக்கு இருக்கிற மாதிரி.

கம்பர், ஒட்டக்கூத்தர் என்றவுடன் நமக்குத் தெரிந்த போட்டிக் கதைகள் எல்லாம் மேடைக்கு ஏறிவிடும். யார் பெரியவர் என்ற கேள்வி வந்துவிடும். ரஷ்யப் பள்ளிக்கூடத்தில் புஷ்கினும் கோகலும் சண்டைக்காரர்கள் கிடையாது, அடுத்தடுத்த பாடங்கள். சிலையாகிவிட்ட இரண்டு பேர் ஒருவர் காலில் ஒருவர் சிக்குகிறார்கள். அந்தப் பெயர்களே இருக்கட்டும். தெரியாதவர்களும் 'இவர் மேல் அவர், அவர் மேல் இவர்' என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் காட்சியில் ஒரு சிறுமி அம்மாவிடம் "இவங்க ரெண்டு பேரும் ஏன் வேற பக்கம் நடக்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டாள். அந்தத் துண்டுக்கு அதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டதில்லை.

விழுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கஸ் விழுதல் கூடாது. முழங்கால் பட்டை கட்டிக்கொண்டு, நிஜமாகத் தடுக்கினால் எப்படி விழுவோமோ அப்படியே விழப் பழக வேண்டும். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

ஜனவரி 19

இன்று கொஞ்சம் வழி விலகுகிறேன். 'அபத்தம்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. நம் பேச்சில் 'அபத்தமா உளறாதே' என்றால் தப்பு, பொருத்தமில்லாதது என்று அர்த்தம். நாடகத்தில் அது விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் 1961 இல் பெக்கெட், இயொனெஸ்கோ போன்ற நாடகாசிரியர்களுக்குச் சூட்டிய பெயரின் வழியாக வந்தது. கார்ம்ஸும் நண்பர்களும் தங்களை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் குழுவின் பெயர் ஓபெரியூ, மெய்யான கலைக்கான கூட்டமைப்பு என்பதன் சுருக்கம். கடைசி 'யூ' மட்டும் வேடிக்கைக்காகச் சேர்த்தது. மெய்யான கலை! அதை அவர்கள் உறுதியாகவே சொன்னார்கள். 1928 இல் வந்த அவர்கள் அறிக்கையின் நாடகப் பகுதியில், மந்திரியாக வரும் நடிகர் திடீரென்று நாலு காலில் தவழ்ந்து ஓநாய் மாதிரி ஊளையிட்டால் அதுவும் நாடகம்தான் என்கிறார்கள். வாழ்க்கையின் காரண காரியம் வேறு, மேடையின் காரண காரியம் வேறு என்பதுதான் அவர்கள் கட்சி.

பிற்காலத்தில், 1937 அக்டோபர் கடைசியில், தனக்குப் பிடித்தது நடைமுறைப் பயன் எதுவும் இல்லாத வெற்று உளறல் மட்டுமே என்று கார்ம்ஸ் நாட்குறிப்பில் எழுதினார். அதற்கு அவர் போட்ட ரஷ்யச் சொல் 'சூஷ்'. அடுப்படியில் பாட்டி திட்டுகிற சொல். அதைத் தமிழில் சொல்ல 'அபத்தம்' ரொம்பப் படித்த வார்த்தையாகத் தெரிகிறது.

ஜனவரி 20

நேற்றைய பேச்சின் தொடர்ச்சி. ஓபெரியூவுக்கு முன்பே 1926 இல் 'ராதிக்ஸ்' என்ற நாடகக் குழு இருந்தது. கார்ம்ஸும் விவெதென்ஸ்கியும் அதற்காக 'என் அம்மா முழுக்கக் கடிகாரங்கள்' என்று ஒன்றைத் தயாரித்தார்கள். ஒத்திகைக்கு இடம் இல்லை. ஓவியர் மாலெவிச் நடத்திய கலைப்பண்பாட்டு நிறுவனத்தில் இடம் கேட்டார்கள். அவர் கொடுத்தார். அந்த நாடகம் கடைசி வரை மேடையேறவேயில்லை. ஆனால் அடுத்த வருடம் மாலெவிச் தன் புத்தகம் ஒன்றைக் கார்ம்ஸுக்குக் கொடுத்தபோது 'போய் முன்னேற்றத்தை நிறுத்துங்கள்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஒத்திகைக்கு இடம் தேடி அலைந்தவர்களுக்கு இந்த விஷயம் எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். எங்களுக்கும் பேசி வைத்த ஒரு கூடத்தைத் திருமண வரவேற்புக்குக் கொடுத்துவிட்டார்கள், காட்சிக்கு ஒன்பது நாள் முன்பு. மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தோம். காற்றில் குரல் பறந்தது. வாயைத் திறந்து கத்தத் தொடங்கியதும் கார்ம்ஸ் செத்துப்போனார். நடிகர்களை ஒருவருக்கொருவர் ஓர் அடி தூரத்தில் நிறுத்திய பிறகுதான் திரும்பி வந்தார்.

ஜனவரி 24

1928 இல் இதே தேதி, லெனின்கிராட், ஃபந்தான்கா ஆற்றங்கரையில் பத்திரிகை இல்லம். 'மூன்று இடது மணிநேரங்கள்' என்ற நிகழ்ச்சி. முதல் மணியில் கவிஞர்கள் வாசித்தார்கள். கார்ம்ஸ் ஓர் அலமாரியின் மேல் உட்கார்ந்து வாசித்தார். விவெதென்ஸ்கி மூன்று சக்கர சைக்கிளில் வந்தார். வாகினவ் கவிதை படிக்க, அவர் பக்கத்தில் ஒரு பாலே நடனக்காரி ஆடினார். இரண்டாம் மணி 'எலிசவேத்தா பாம்'. மூன்றாம் மணியில் ரஸுமோவ்ஸ்கியும் மின்ட்ஸும் எடுத்த 'இறைச்சி அரைக்கும் இயந்திரம்' என்ற திரைப்படம். பிறகு இரவு வெகுநேரம் விவாதம்.

அலமாரி சும்மா வரவில்லை. 'கலை என்பது அலமாரி' என்பது அவர்கள் கோஷம். அதே இல்லத்தில் முந்தின வருடம் இகோர் தெரெந்தியெவ் கோகலின் 'அரசு ஆய்வாளர்' நாடகத்தைப் போட்டபோதும் மேடையில் பெரிய பெட்டி அலமாரிகள்தான். உடைகளையும் மேடையையும் ஓவியர் ஃபிலோனவின் மாணவர்கள் செய்தார்கள். கடைசியில் நிஜ ஆய்வாளர் வந்துவிட்டார் என்றதும் உள்ளே வருவது பழைய போலி ஆய்வாளர் ஹ்லெஸ்தகோவே! கதை முதலிலிருந்து மறுபடி தொடங்கும்போல. 'எலிசவேத்தா பாம்' நாடகமும் தொடங்கிய வாசகத்துக்கே திரும்பி முடிகிறது. ஒரே கட்டடம், ஒரு வருடத்துக்குள் இரண்டு வட்டங்கள்.

இன்று அந்த நாடகத்தின் மேடைப் பிரதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் ஜனவரி 9 அன்று நான் சொன்ன விதி ஆட்டம் கண்டுவிட்டது. பிரதி 19 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் என்ன பாணி என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். முதலாவது யதார்த்த மெலோடிராமா. மூன்றாவது அபத்த நகைச்சுவை, வெகுளித்தனமானது. (ஆக 'அபத்தம்' என்ற சொல்லை அவர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள், 19 ஆம் தேதி எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் இங்கே அது 19 இல் ஒரு நிறம் மட்டும்.) எட்டாவது 'உயரங்களின் இடமாற்றம்'. ஒன்பதாவது இயற்கைக்காட்சி. பதினான்காவது செவ்வியல் உணர்ச்சிப் பெருக்கு. பதினாறாவது மணிக்கூண்டின் ஓசை. பதினேழாவது உடலியல் உணர்ச்சிப் பெருக்கு. பதினெட்டாவது யதார்த்தம், வறண்ட அலுவலக பாணி. பத்தொன்பதாவது ஆபெரா முடிவு.

கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கைது வறண்ட அலுவலகக் குரலில் வருகிறது. உடனே ஆபெரா. மளிகைக் கணக்குக் குரல் அவரிடமும் இருக்கிறது, ஆனால் பதினேழு வேறு குரல்களைக் கேட்டபிறகு வருகிறது. அதனால்தான் அது குத்துகிறது. நான் எல்லாவற்றையும் ஒரே வறண்ட குரலுக்குக் கொண்டுவந்து, பதினெட்டாவது துண்டை மட்டும் பத்தொன்பது தடவை போட்டிருக்கிறேன்.

ஜனவரி 25

"அப்போ தலையணை போடுறது சரின்னு சொல்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. 'எலிசவேத்தா பாம்' வேறு, 'சம்பவங்கள்' வேறு. 1928 இல் அவருக்கு மேடை இருந்தது, நடிகர்கள் இருந்தார்கள், இசை இருந்தது. மறுநாளே மாலைப் பத்திரிகை ஒன்று கிண்டலாகக் கிழித்தது, அது வேறு விஷயம். 1930 ஏப்ரலில் மாணவர் விடுதி ஒன்றில் அவர்கள் நடத்திய நிகழ்ச்சிக்குப் பிறகு 'ஸ்மேனா' பத்திரிகையில் 'பிற்போக்கு வித்தை' என்ற தலைப்பில் தாக்குதல் கட்டுரை வந்தது. அதோடு பொது மேடை முடிந்தது.

'சம்பவங்கள்' அதற்குப் பிந்தையது. 30 துண்டுகள், 1933 முதல் 1939 வரை. மனைவி மரீனா மாலிச்சுக்குச் சமர்ப்பணம் செய்து ஒரு நோட்டில் அழகாகப் படியெடுத்து வைத்தார். அச்சாகும் என்ற எதிர்பார்ப்பே இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது பெரியவர்களுக்காக எழுதியதில் அச்சானவை இரண்டே கவிதைகள். அச்சான மற்றதெல்லாம் குழந்தைகளுக்காக, பெரும்பாலும் 'யோஷ்', 'சிஷ்' என்ற குழந்தைப் பத்திரிகைகளுக்கு எழுதியவை. ஆனாலும் அந்த நோட்டுத் துண்டுகளில் சிலவற்றுக்கு நாடகக் குறிப்பு எழுதியிருக்கிறார். விழுகிறார், எழுகிறார், திரை. மேடை பறிபோன மனிதர் மேசை இழுப்பறைக்குள் திரையை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வறட்சிக்குக் காரணம் உண்டு. நடிகருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: இதைக் கேட்க யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒருவன் துல்லியமாகச் சொல்கிறான்.

ஜனவரி 25, பிறகு

'தோல்வியுற்ற நாடகம்' துண்டை எங்கே வைப்பது என்று கேட்டது விட்டுப்போச்சு. ஒவ்வொருவராக மேடைக்கு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்து வாந்தியெடுத்து ஓடுகிறார்கள். கடைசியில் ஒரு சிறுமி வந்து, நாடகக் கொட்டகை மூடப்படுகிறது, எங்கள் எல்லாருக்கும் குமட்டுகிறது என்று சொல்லச் சொன்னார் அப்பா என்கிறாள். எல்லாரும் இதை முடிவில் வைக்கிறார்கள், நாங்களும் வைத்தோம். முடிவில் வைத்தால் அது கைதட்டல் வாங்கும் தந்திரமாகிவிடுகிறது. நடுவில் வைத்து, மூடிவிட்டதாகச் சொன்ன பிறகும் நாடகத்தைத் தொடர்ந்து பாருங்கள்.

ஜனவரி 28

'கிழவி' குறுநாவல் (1939) பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். இயக்குநர் ராபர்ட் வில்சன் 2013 இல் மான்செஸ்டர் விழாவில் மிகயீல் பரிஷ்னிகவ், வில்லெம் டெஃபோ இருவரை வைத்துப் போட்டது. துண்டுகளைக் காணொளியில்தான் பார்த்தேன். வெள்ளை பூசிய இரண்டு முகம், ஒரே எழுத்தாளனை இருவரும் பங்கிட்டு நடிக்கிறார்கள், வசனம் திரும்பத் திரும்ப வருகிறது. பசி எப்படித் தொடங்குகிறது என்ற கார்ம்ஸின் சின்னக் கவிதையை ஊஞ்சலில் உட்கார்ந்து சொல்கிறார்கள். கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆனால் எனக்கு ஒரு குறை. கதையில் கிழவி முள் இல்லாத கடிகாரத்தை வைத்துக்கொண்டு மணி கேட்டதற்குக் கால் குறைய மூன்று என்கிறாள். பிறகு கதை சொல்லும் எழுத்தாளனான இவன் அறைக்கே வந்து இவன் நாற்காலியில் செத்துப்போகிறாள். அதெல்லாம் சரி. நடுவில் இவன் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறான். நண்பர் சகெர்தோன் மிஹயீலவிச் வீட்டில் இறைச்சிக் குழல்களைப் பச்சையாகவே தின்று வோட்கா குடிக்கிறார்கள், தண்ணீர் ஊற்ற மறந்து அடுப்பில் வைத்த எனாமல் பாத்திரம் வீணாகிறது. எனக்கு அந்த எனாமல் பாத்திரம் வேண்டும். பிணம் ஒரு பக்கம், பாத்திரம் வீணான கவலை ஒரு பக்கம். வில்சனின் மேடையில் எல்லாமே ஒளிர்கிறது, பாத்திரம்கூட ஒளிரும். கார்ம்ஸின் பாத்திரம் கரி பிடித்தது.

நீங்கள் இதைப் போடுவதானால் மேடையில் நிஜமாகவே அடுப்பு மூட்டுங்கள். கரிந்த வாசனை மூன்றாம் வரிசை வரை போகட்டும்.

ஜனவரி 31

விவெதென்ஸ்கியை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். 'இவானவ் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம்', 1938. இவானவ் என்று ஒருவரும் நாடகத்தில் இல்லை. குழந்தைகளுக்கு 1 வயதிலிருந்து 82 வயது வரை. 32 வயதுச் சிறுமி சோன்யாவைச் செவிலி கோடரியால் வெட்டிவிடுகிறாள். அவர் வாழ்நாளில் மேடையேறவில்லை.

கதவுக்கு இடப்பக்கம் ஒரு கடிகாரம் என்று குறிப்பு கொடுத்திருக்கிறார், அது காட்டும் மணியும் குறித்திருக்கிறார். நாங்கள் முதல் காட்சியை மட்டும் வாசிப்பாக நடத்தினோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. கொலை நடந்தபோது எல்லார் கண்ணும் கடிகாரத்தில். ஏனென்றால் அங்கே அது ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்தது. ராதிக்ஸ் காலத்து 'கடிகார அம்மா' நினைவுக்கு வந்தாள். கிழவியின் முள் இல்லாத கடிகாரமும். இவர்கள் மேடைக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் கடிகாரம் வாங்குங்கள்.

82 வயதுக் குழந்தைக்கு மழலைக் குரல் வேண்டாம். வயதான நடிகை தன் குரலிலேயே "மரம் வைப்பாங்களா?" என்று கேட்டால் போதும்.

பிப்ரவரி 2

1942 இல் இன்று, லெனின்கிராட் முற்றுகையின்போது, சிறை மனநல மருத்துவமனையில் கார்ம்ஸ் பட்டினியால் இறந்தார். 36 வயது. 1941 ஆகஸ்ட் 23 இல் பிடித்துப்போனார்கள். விவெதென்ஸ்கி அதே ஆண்டு டிசம்பரில், கைதிகளை ஏற்றிச்சென்ற ரயில் பயணத்தில் இறந்தார்.

அவர் வாழ்ந்த காலத்தைக் காட்ட வேண்டாம் என்று 12 ஆம் தேதி உறுதியாகச் சொன்னேன். இன்று அவ்வளவு உறுதி இல்லை. இயக்குநர் மிகயீல் லெவிதின் 1982 இல் மாஸ்கோவில் 'கார்ம்ஸ்! சார்ம்ஸ்! ஷர்தாம்! அல்லது கோமாளிகள் பள்ளி' என்று போட்டபோது, பெரியவர்களுக்கான கார்ம்ஸ் சோவியத்தில் அநேகமாக அச்சில் இல்லை. மேடைதான் புத்தகம். 1994 இல் லண்டனில் கொம்ப்ளிசிட்டே நாடகக் குழு, 'வீட்டிலிருந்து ஒரு மனிதன் கிளம்பினான்' என்று அவர் கவிதை வரியையே தலைப்பாக வைத்தது. அந்தக் கவிதை 1937 இல் குழந்தைப் பத்திரிகையில் வந்தது. கம்பும் மூட்டையுமாகக் கிளம்பியவன் இருண்ட காட்டுக்குள் போய்க் காணாமல் போகிறான், எங்காவது பார்த்தால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று முடியும். அது வந்தபிறகு சுமார் ஒரு வருடம் அவர் எழுத்தைப் போட மறுத்தார்கள், வீட்டில் பட்டினி. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டைக் குழந்தைப் பாட்டாகப் பாட என்னால் முடியாது. தெரியாமல் பாடினால் நன்றாகப் பாடலாம். நடிகருக்குத் தெரிய வேண்டுமா, பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

இன்னொன்று. 'கிழவி'யில் பிணத்தைச் சூட்கேஸில் வைத்து ரயிலில் எடுத்துப்போகிறான், இவனுக்கு வயிற்றைக் கலக்கிக் கழிவறைக்குப் போன நேரத்தில் யாரோ திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கதையை எழுதிச் சில வருடம் கழித்து, முற்றுகைக்குள், குண்டு விழுந்து சேதமான கார்ம்ஸின் வீட்டுக்கு நண்பர் யாகவ் துரூஸ்கின் மரீனா மாலிச்சோடு போனார். கார்ம்ஸின் கையெழுத்துப் படிகளை எல்லாம் ஒரு சூட்கேஸில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். தானே பட்டினியில் தள்ளாடிய மனிதர். கார்ம்ஸ் திரும்பி வருவார் என்று நம்பி வெகுநாள் திறக்காமல் வைத்திருந்தார். நாம் இன்று எந்தத் துண்டை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்று பேசுகிறோமே, அவ்வளவும் அந்தப் பெட்டிக்குள் இருந்ததுதான்.

பிப்ரவரி 6

கேள்வி கேட்டவர் ஒத்திகை பற்றி எழுதியிருக்கிறார். ஆறாவது கிழவியில் கொட்டாவி நடிப்பாகத் தெரிகிறதாம்.

கொட்டாவியை விட்டுவிடுங்கள், அது அந்தப் பையனுக்கு அன்று வந்தது. வேறு ஒன்று செய்து பாருங்கள். கதை சொல்பவர் ஒரு கித்தான் பையை எடுத்துத் தோளில் மாட்டட்டும், சந்தைக்குப் போகிறவர் மாதிரி. ஐந்தாவது கிழவி விழும்போதே மாட்ட ஆரம்பித்துவிடலாம். பிறகு சால்வை வரி. அதை அவர் நின்றபடி சொல்ல வேண்டாம், கதவைத் தாண்டிய பிறகு உள்ளிருந்து குரல் மட்டும் வரட்டும். லைட்டை உடனே அணைக்காதீர்கள். சன்னல் அப்படியே திறந்திருக்கட்டும், பத்து எண்ணும் வரை.